அய்யாவுக்கும் அம்மாவுக்கும் என்ன எடுக்கிறது?

எங்க தெருவுல கிறிஸ்மஸுக்குப் 'பரிசு'ன்னு ஒரு பேச்சே கிடையாது. துணி எடுக்கிறதுதான். "துணி எடுத்தாச்சா?"ன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவாங்க. எடுத்தாச்சுன்னா கிறிஸ்மஸ் வந்துருச்சு. எடுக்கலைன்னா இன்னும் வரல. சின்னப் பிள்ளைகளுக்கு முதல்ல. அப்புறம் பெரியவளான பொம்பளப் பிள்ளைக்கு. அப்புறம் கட்டிக் கொடுத்த மகளுக்கும் மருமகனுக்கும். பெத்தவங்க கடைசி. கடைசின்னா, காசு மிச்சம் இருந்தாத்தான். பெரும்பாலும் இருக்காது. அய்யா போன வருசத்து வேட்டியத் துவைச்சு நீலம் போட்டு நடுச்சாமப் பூசைக்குக் கட்டிக்கிட்டு வருவார். அம்மா பெட்டிக்குள்ள பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்த கல்யாணச் சேலைய எடுத்து உடுத்தும். அந்த வாசம்தான் ரொம்ப நாளைக்கு எனக்குக் கிறிஸ்மஸ் வாசம்.

வயசான அப்பா அம்மாவுக்குக் கிறிஸ்மஸுக்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வி எங்க சனத்துக்குப் புதுசு. படிச்சு, ஏதோ ஒரு சம்பளத்துக்குப் போன எங்க தலைமுறையிலதான் இந்தக் கேள்வியே பொறந்தது. கடைக்காரனுக்கு இது லேசான கேள்வி. எங்களுக்கு அப்படி இல்லை. கொடுக்கிறது, வாங்குறது என்பதெல்லாம் சேரியில் வேறு மாதிரிப் பழகிப்போன சங்கதி.

அய்யா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு வேலை பார்த்தவர். எங்க ஊரு நிலக்கோட்டை ரோட்டுப் பக்கம், திண்டுக்கல்லுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில். பேகம்பூரைச் சுத்தியும் ஊருக்கு வெளியே போற ரோடுகளிலும் தோல் ஷாப்புகள் நிறைய இருந்த காலம். பன்னெண்டு வயசுல சுண்ணாம்புக் குழிக்குள்ள இறங்கினவர். உப்புத் தோலை ஊறப்போடணும், சுண்ணாம்புல போட்டு முடி உருவணும், கத்திய வச்சுச் சவ்வு சீவணும். அதுக்கப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணி, கடுக்காய்த் தண்ணின்னு மாத்தி மாத்திப் போட்டுப் புரட்டணும். முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். குழிக்குள் நின்றவர்களில் எங்களைப் போன்ற கிறிஸ்தவப் பறையர்கள் அதிகம். ஊரில் வீசும் நாத்தம் முழுசும் எங்களிடமிருந்துதான் வருகிறது என்பது மாதிரி பஸ்ஸில் தள்ளி நிற்பார்கள். அந்தத் தோலில் செய்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தள்ளி நிற்பார்கள்.

தாத்தா காலத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஷாப்பில் 'இனாம்' உண்டாம். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதலாளிக்கு மனசு நல்லா இருந்தால் ரெண்டு ரூபாயும் ஒரு வேட்டியும். மனசு சரியில்லாவிட்டால் ஒரு ரூபாய். ஏன் குறைஞ்சதுன்னு கேட்க முடியாது, இனாம்தானே. நாற்பதுகளில் ஏ. பாலசுப்பிரமணியம் போன்ற தோழர்கள் திண்டுக்கல் தோல் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார்கள். தாத்தா பயந்து பயந்து சேர்ந்தாராம். அய்யா பயப்படாமல் சேர்ந்தார். 1965ல் போனஸ் சட்டம் வந்தது. பிறகு அதில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று ஆனது. அய்யாவுக்கு எட்டாவது வாய்ப்பாடு தெரியாது, ஆனால் எட்டு புள்ளி முப்பத்து மூணு தெரியும்.

"இனாம்னா அவன் மனசு வச்சுக் குடுக்கிறது, நம்ம குனிஞ்சு வாங்குறது. போனஸ்னா நம்ம கணக்குப் பாத்துக் கேக்குறது, நிமிந்து வாங்குறது" என்பார். அய்யாவின் கணக்குப்படி உலகத்தில் இந்த ரெண்டு விதமான கொடுக்கல்தான். கோயில் வழியாக அறுபதுகளில் வந்த அமெரிக்கப் பால்பவுடரையும் அவர் முதல் கணக்கில்தான் வைத்தார். பிள்ளைகளுக்காக அம்மா போய் வரிசையில் நின்று வாங்கி வரும். அய்யா குடிக்க மாட்டார். அதைக் காட்டி, "பால்மாவுக்கு மதம் மாறினவனுக"ன்னு ஊர்த்தெருக்காரன் பேசினது வேறு. மதுரை மிஷன் தொடங்கியது 1606ல். பால்பவுடருக்கு ரொம்ப முந்தியே நாங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க.

அரசாங்கம் செய்ததும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவன் தாழ்த்தப்பட்டவன் இல்லை என்று சொன்னது. பிறகு 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. அந்தப் பத்தியையே எடுத்துவிடச் சொல்லி 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை கொடுத்தது. 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். "பாலன் பொறந்தாரு, சர்டிபிகேட் செத்துச்சு" என்பது அய்யாவின் கிறிஸ்மஸ் ஜோக்கு. டிசம்பரில் கட்சிக்காரர்கள் காலனிக்கு வந்து கேக்கு வெட்டி சேலை கொடுக்கும்போதும் இதையேதான் சொல்வார். கேக்கை வாங்கிச் சாப்பிடுவார், அதில் வம்பு இல்லை.

இப்படி ஒரு மனுசனுக்கு, எண்பது தாண்டியவருக்கு, பெத்த பிள்ளைகள் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்?

தம்பி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பிரியமானவன். ஒரு வருசம் ரெண்டு பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கி வந்தான். மார்கழியில் சிறுமலைப் பக்கமிருந்து விடியக்காலம் குளிர் இறங்கும், பொய்யில்லை. எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகைத் தட்டும். ஸ்வெட்டர் கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்த வருசம் கால் அமுக்கிவிடும் மிஷின். அதுவும் கட்டிலுக்கு அடியில். அம்மாவுக்கு ஆளாளுக்கு எடுத்த சின்னாளப்பட்டிச் சேலைகள் பெட்டி நிறைய மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. யார் வீட்டுப் பெண் பிள்ளை பெத்தாலும் அதிலிருந்து ஒன்று போகும். தம்பிக்கு அதில் வருத்தம். "நான் எடுத்துக் குடுத்தத எவளுக்கோ தூக்கிக் குடுக்குதே" என்பான்.

ஒரே ஒரு பொட்டலம் மட்டும் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அக்கா நர்ஸு, அது வாங்கி வந்த பிரஷர் பார்க்கும் மிஷின். அம்மா அதைத் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுப் பெரியம்மா கையில் கட்டி, எதிர்வீட்டுக் கிழவன் கையில் கட்டி, ஒரு வாரத்தில் காலனிக்கே பிரஷர் பார்க்கிற ஆளாகிவிட்டது. காலையில் வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "உனக்கு நூத்தி அறுவதுடி, ஊறுகாயத் தொடாத"ன்னு அதட்டல் வேறு. பெட்டி நிறையச் சேலை இருந்தும் வராத ஒரு சந்தோசம் அந்த முகத்தில். தன் கையிலிருந்து அடுத்தவருக்கு ஏதாவது போக வேண்டும் என்பதுதான் அந்தக் கிழவிக்குக் குறி என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"என்ன வேணும்?"ன்னு நேராகக் கேட்டுப் பாருங்கள். "ஒண்ணும் வேணாம்ப்பா, எங்களுக்கு என்ன, இன்னைக்கோ நாளைக்கோ"ன்னு பதில் வரும். இதைப் போதுமென்ற மனசு, துறவறம் என்றெல்லாம் பூசையில் பிரசங்கம் வைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுசு முழுக்க அவர்கள் கேட்டு வாங்கியது எல்லாம் சண்டை போட்டு வாங்கியது: கூலி, போனஸ், காலனிக்குத் தண்ணிக் குழாய், எங்களுக்கு ஸ்கூலில் இடம். பெத்த பிள்ளையிடம் சண்டை போட முடியுமா? சண்டை போடாமல் கேட்டு வாங்குகிற பழக்கம் அவர்களுக்கு இல்லவே இல்லை. அதனால் கேட்டுப் பிரயோசனமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதைச் செய்யக் கஷ்டப்படுகிறார்கள், எதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று.

அக்காதான் கண்டுபிடித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா ஒரு சொட்டுத் தண்ணி குடிப்பதில்லை. மாத்திரையைக்கூட எச்சிலில் முழுங்குகிறது. முட்டி போய்விட்டது, ராத்திரி கொல்லைப்புறக் கக்கூசில் குத்தவைத்து எழுந்திரிக்க முடியாது, அதனால் தண்ணியையே நிறுத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருசக் கிறிஸ்மஸுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி வந்தது. கக்கூசுக்கு மேல் தூக்கிப் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். கொத்தனாரைக் கூப்பிட்டு சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கம்பியும் அடித்தோம். வண்ணக் காகிதம் சுற்ற முடியாத பரிசு. அன்றைக்கு ராத்திரி பூசைக்குப் போகும் முன்னால் அம்மா ஒரு செம்புத் தண்ணியை மடக்கு மடக்கென்று குடித்ததை நான் பார்த்தேன்.

அய்யாவுக்கு வேண்டியது டிசம்பரில் இல்லை, நவம்பரில் இருந்தது. தொழிலாளர் பி.எப். பென்சன் அவருக்கு வருகிறது. 1995ல் வந்த திட்டம். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தது மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். அவருக்கு வருவது அந்த ஆயிரம்தான். ஆயிரத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். வெற்றிலை, பாக்கு, சங்கச் சந்தா, பேரனுக்கு மிட்டாய், கோயில் வரி. அதைவிடப் பெருசு, அது யாரும் மனசு வச்சுக் குடுத்த காசு இல்லை, உழைத்த காசு. அதை வாங்க வருசத்துக்கு ஒரு தடவை தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று ஒரு ஏற்பாடு வந்தது. மிஷினில் விரலை வைத்தால் ஆதாரிலிருந்து ஆளைக் கண்டுபிடித்துச் சான்று அனுப்பிவிடும். எல்லாருக்கும் சுலபம். அய்யாவுக்கு விரலில் ரேகை கிடையாது.

நாற்பது வருசத்துக்கு மேல் சுண்ணாம்பிலும் உப்பிலும் கிடந்த கை. உள்ளங்கை மொழுமொழுவென்று இருக்கும், நுனி விரல் தேய்ந்த சோப்பு மாதிரி. ரேஷன் கடை மிஷினிலும் இதே பாடுதான். ஒரு சேவை மையத்தில் பத்து விரலையும் மாத்தி மாத்தி வைக்கச் சொன்னார்கள். துணியால் துடைக்கச் சொன்னார்கள். எண்ணெய் தடவி வரச் சொன்னார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. அங்கே இருந்த பையன் கடைசியில், "தாத்தா, மிஷின் உங்கள ஏத்துக்க மாட்டேங்குது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அய்யா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷாப்புக்காரன் தேச்சத எல்லாம் எடுத்துக்கிட்டான், இப்ப ஆளு இல்லங்கிறான் பாரு" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பேசவில்லை.

2021 நவம்பரில் இதற்கு இன்னொரு வழி வந்தது. விரல் வேண்டாம், போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும். இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் ரெண்டு செயலி போட வேண்டும்: ஆதார் முகம் பார்க்கிற செயலி ஒன்று, ஜீவன் பிரமாண் செயலி ஒன்று. ஆதார் நம்பரும் பென்சன் ஆர்டர் நம்பரும் கையில் இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அய்யாவை உட்கார வைத்தேன். "கையில இல்லாத ஆளு மூஞ்சியில இருக்கானா?" என்று சிரித்தார். மூன்றாவது சிமிட்டலில் பச்சை வந்தது. சுத்தி நின்ற கிழவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் இன்னும் ஆறு பேருக்கு அதே நாற்காலியில் போட்டுக் கொடுத்தேன். அதில் நாலு பேர் பழைய ஷாப்புக்காரர்கள், ரேகை போனவர்கள். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் அந்த நாளை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். பரிசு என்று நான் பெயர் வைக்கவில்லை. "நவம்பர் சோலிய முடிச்சிட்டியா?"ன்னுதான் அய்யா கேட்பார். முடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார், அதட்டுவார். அந்த அதட்டலைக் கேட்கத்தான் எனக்கு ஆசை; இனாம் வாங்குகிறவன் அதட்டமாட்டான்.

செருப்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருமகன், அதாவது அக்கா வீட்டுக்காரர், நல்ல தோல் செருப்பு ஒன்று வாங்கி வந்தார். அய்யா போட்டுப் பார்க்கவில்லை. கையில் வாங்கி வளைத்தார், மோந்தார், நகத்தால் கீறினார். "ஆடு. குரோமு. பட்டை போட்ட தோல் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டால் தோல் எப்படி மஞ்சள் பழுத்து நிற்கும், வாட்டில் பட்டை வந்ததும் நிறம் எப்படி மாறியது, குரோமில் ஏன் நீலம் ஏறும், எந்த மாட்டுத் தோலில் உண்ணி கடித்த தழும்பு எங்கே இருக்கும். மருமகனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இந்த மனுசன் பள்ளிக்கூடத்தில் மூணாவது தாண்டாதவர் என்றுதான் எல்லா விண்ணப்பத்திலும் எழுதி வந்திருக்கிறோம்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊர்த்தெருவுக்குள் எங்க ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஊருக்கே தோல் பதனிட்டுக் கொடுத்தவர்கள் வெறுங்காலில் போனார்கள். மருமகன் வாங்கித் தந்த செருப்பைக் கொஞ்ச நாள் வைத்திருந்து, கிறிஸ்மஸ் அன்று போட்டுக்கொண்டு வேண்டுமென்றே ஊர்த்தெரு வழியாகச் சுத்திக் கோயிலுக்கு வந்தார். இன்றைக்கு யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனாலும் வந்தார்.

அந்தத் தோல் வகுப்புதான் எனக்கு அடுத்த வருச யோசனையைக் கொடுத்தது. டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2010ல் வந்தது, 2012ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் எழுந்து நின்ற கதை. எழுதியவர் திண்டுக்கல்லிலேயே வக்கீலாக இருந்தவர், 2019 டிசம்பரில் காலமானார். தடி மொத்தப் புத்தகம். கண்ணும் மங்கிப்போன கிழவருக்குப் புத்தகம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நான் கொடுத்தது புத்தகத்தை மட்டும் இல்லை, கிறிஸ்மஸ் லீவில் பத்து நாள் சாயங்காலத்தையும். நான் வாசிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும்.

கேட்டார் என்று சொல்ல முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினார். "இரு இரு, அந்தக் குழி அப்படி இருக்காது." "இது யாரு தெரியுமா, எங்கப்பா சொல்லியிருக்கார்." கதையில் வருகிற ஆட்களுக்கெல்லாம் நிஜப்பெயர் வைத்துக்கொண்டே வந்தார். பாதி சரியாக இருக்கும், பாதி அவர் கற்பனை. ஒரு நாள் வாசிப்பு நின்று அவர் பேச ஆரம்பித்தவர், ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசினார். குழிக்குள் மயங்கி விழுந்து செத்தவர்கள் கதை. யாரும் எங்கேயும் எழுதாத பெயர்கள். அம்மா அடுப்படியிலிருந்து, "இத்தன வருசத்துல எங்கிட்டக்கூடச் சொல்லலையே மனுசன்" என்றது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில், திண்டுக்கல் உட்பட அஞ்சு மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டு, கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணாமல் விடக்கூடாது என்றது. நிலத்தண்ணி கெட்டது நிஜம். தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஷாப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கெட்ட தண்ணியைப் பற்றித் தீர்ப்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதே தண்ணிக்குள் இடுப்பு வரை நின்றவர்களின் தோலைப் பற்றி அந்த நாவலில்தான் இருக்கிறது. புத்தகம் இன்னும் முடியவில்லை. வருசம் நூறு பக்கம் போகிறது. முடியவேண்டாம் என்றுதான் இருக்கிறது எனக்கும்.

அம்மா பக்கம் வருகிறேன். அம்மா முப்பது வருசத்துக்கு மேல் ஊர்த்தெருக்காரர் ஒருத்தருடைய மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்தது. விடிய முன்னால் போக வேண்டும், மொட்டு விரியும் முன்னால் எடுத்துத் திண்டுக்கல், நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மார்கழிப் பனியில் மல்லிகை வராது. வரத்துக் குறைந்து, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அதனால் வருசம் பூரா பூ எடுத்தவளுக்குக் கிறிஸ்மஸுக்குத் தலையில் வைக்கக் கனகாம்பரம்தான். இப்போது என் பொண்டாட்டி எவ்வளவு விலையானாலும் அத்தைக்கு ரெண்டு முழம் மல்லிகை வாங்காமல் விடுவதில்லை. அம்மா முதலில் அதைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்கும், எத்தனை மொட்டு, எடுத்தவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று. அப்புறம்தான் தலையில் ஏறும்.

அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கு அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பலகாரம் கொண்டுபோகும். அதிரசம், முறுக்கு. சுட்டு, புதுத் தூக்குவாளியில் போட்டு, குளித்துவிட்டுக் கொண்டுபோகும். அவர்கள் வாங்கமாட்டார்கள் என்றில்லை, வாங்கி மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் வைக்கச் சொல்வார்கள். அது எங்கே போனது என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு வருசம் அந்த வீட்டம்மாளே நல்ல மனசோடு வழி சொன்னது: "பலகாரம் எதுக்கு சிரமம், பழமாக் கொண்டா, எல்லாரும் சாப்பிடுவோம்." அதிலிருந்து சிறுமலை வாழைப்பழம் போனது. பழத்துக்குத் தோல் இருக்கிறது, தீட்டு உள்ளே போகாது. தீபாவளிக்கு அந்த வீட்டு அதிரசம் எங்களுக்கு வரும், நாங்கள் சாப்பிடுவோம். வழி ஒரு பக்கம்தான் திறந்திருந்தது.

மூன்று வருசத்துக்கு முந்தி நவம்பர் கடைசியில், அம்மாவுக்கு முட்டி வலி அதிகம். மாவு இடிக்க முடியாது, மிஷினில் அரைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல, "உனக்கு என்னம்மா வேணும் இந்த வருசம்?" என்றேன். ஒண்ணும் வேணாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே அந்தத் தெருவுக்கு எதுவும் போக வேணாம். பழமும் வேணாம். நீங்க யாரும் கொண்டு போகாதீங்க, பிள்ளைககிட்டயும் குடுத்து விடாதீங்க. அதான் வேணும்" என்றது. கோபமாகச் சொல்லவில்லை, உப்பு வேணும் என்கிற மாதிரிச் சொன்னது. தம்பிக்கு இதில் சம்மதமில்லை. அந்த வீட்டுப் பையனும் அவனும் ஸ்கூலில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போதும் போனில் பேசுகிறவர்கள். "பழச எல்லாம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிம்மா?" என்றான். "அந்தப் பையன் இங்க வந்து திண்ணையில உக்காந்து அதிரசம் தின்னுட்டுப் போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?" என்றது அம்மா. தம்பி போன் பண்ணிச் சொன்னானா இல்லையா எனக்குத் தெரியாது. பையன் இதுவரை வரவில்லை. எங்க வீட்டிலிருந்து பழமும் போகவில்லை.

அதற்குப் பதிலாக அம்மா இன்னொன்று கேட்க ஆரம்பித்தது. புதுப் பத்து ரூபாய்க் கட்டு. கிறிஸ்மஸ் காலையில் காலனிப் பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு வீடு வீடாக வரும். பெரியவர்கள் கையில் காசு கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அம்மா கதவுக்குப் பின்னால் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணா தேடும். இப்போது நூறு நோட்டு கொண்ட கட்டு ஒன்று, ஆயிரம் ரூபாய். கேட்டால் சின்னக் காசு. ஆனால் புது நோட்டுக் கட்டு வாங்க டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே பேங்கு பேங்காக அலைய வேண்டும். இந்த அலைச்சல் ஒரு சேலை எடுப்பதைவிட அதிகம். கட்டை அம்மா கையில் கொடுத்ததும் பிரிக்காமல் ஒரு தடவை மோந்து பார்க்கும். பிறகு வாசலில் நாற்காலி போட்டு, மல்லிகையும் சூடிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் எழுந்திருக்காது. அந்தப் பக்கம் ஊர்த்தெருப் பிள்ளைகள் ரெண்டு மூணு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாலும் கொடுக்கும். நோட்டுக்குத் தீட்டு இல்லை போலிருக்கு, வாங்கிக்கொண்டு ஓடுகின்றன.

அய்யா அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். டிசம்பர் 25 அவருக்கு ரெண்டு நாள். நடுச்சாமப் பூசை முடிந்து வந்து கொஞ்சம் கண்ணசந்துவிட்டு, காலையில் வெண்மணிக் கொடியேற்றத்துக்குப் போய்விடுவார். 1968ல் இதே கிறிஸ்மஸ் ராத்திரியில்தான் கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும். கூலி நெல் கூடக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்கமாட்டோம் என்றதற்கும் கிடைத்தது அது. 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லையாம். அய்யாவுக்கு அப்போது கல்யாணமான புதுசு. சேதி திண்டுக்கல்லுக்கு வந்த அன்றிலிருந்து அவர் ஒரு கிறிஸ்மஸும் கொடிமரத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. கோயில் சாமியார் ஒருத்தர் ஒரு தடவை, "பாலன் பிறந்த நாளில் துக்கம் எதுக்கு?" என்று கேட்டாராம். "பச்சப் பிள்ளைகளக் கொன்ன கதை பைபிள்லயும் பாலன் பொறந்தத ஒட்டித்தான சாமி வருது" என்றாராம் அய்யா. ஏரோது கதை மூணாவது படித்தவருக்கும் தெரியும்.

அந்த வேளைக்குத் தோளில் போட அவருக்கு ஒரு சிவப்புத் துண்டு வேண்டும். இதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்கிற ஒரே பொருள். தாத்தா இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற துண்டு, இவருக்குத் தோளில். அதற்காக எதையாவது எடுத்துவிட முடியாது. பாலியெஸ்டர் கலந்ததென்றால் தோளில் நிற்காது, வழுக்கும். நீளம் பத்தாவிட்டால் வேண்டாம் என்பார். ஆரஞ்சு அடிக்கிற சிவப்பென்றால் அதைத் தொடவே மாட்டார், "இது வேற கட்சி" என்பார். ரத வீதிக் கடைகளில் ரெண்டு மூணு ஏறி இறங்கி, தறித்துணிக்காகச் சின்னாளப்பட்டி வரைக்கும் போய் எடுத்த வருசமும் உண்டு. வெறும் கையில் கொடுத்தால் போதும், காகிதம் சுற்ற வேண்டாம். விலை எவ்வளவு என்று கேட்பார். சொன்னால், "கூடச் சொல்லிட்டான், நீ பேசல" என்பார்.

இந்த வருசத்துத் துண்டை எடுத்துவிட்டேன். அம்மா அதை வாங்கி ஒரு முனையைத் தண்ணியில் நனைத்து, தன் வெள்ளை ரவிக்கைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன வருசத்துத் துண்டு பனியில் நனைந்து, சாயம் பூரா அய்யாவின் கிறிஸ்மஸ் சட்டைத் தோளில் ஒட்டிக்கொண்டதாம். கல்லுப்புத் தண்ணியில் ஒரு ராத்திரி ஊறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாளியை எடுக்கப் போயிருக்கிறது.